பக்கத்தில் பக்கமாக நிற்கும் பட்டைகள்: விரிதாளில் ஒப்பீட்டு விளக்கப்படம் வரைவது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானின் எழுத்தறிவு விகிதம் 66.11 சதவீதம். பீகாரின் விகிதம் 61.80 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ராஜஸ்தான் நன்றாகவே முந்தியிருக்கிறது என்று நினைத்துவிடுவார். ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பாருங்கள். ராஜஸ்தானில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 52.12 சதவீதம், பீகாரில் 51.50 சதவீதம். இரு மாநிலப் பெண்களுக்கும் இடையே ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ராஜஸ்தானின் மொத்தக் கணக்கைத் தூக்கி நிறுத்தியது ஆண்களின் 79.19 சதவீதம்தான்.

அட்டவணையில் இந்தச் செய்தி எண்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும். ஆண் பட்டையையும் பெண் பட்டையையும் ஒட்டி நிறுத்தி ஒரு படம் வரைந்தால், ராஜஸ்தானின் பெயருக்கு மேலே உயரமான ஒரு படியும் தாழ்வான ஒரு படியுமாக அது எழுந்து நிற்கும். யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்களோடு பழக்கமில்லாதவருக்கும் அந்த இறக்கம் தெரியும். இந்தப் படத்தை வரையக் கற்றுக்கொள்வது அரை மணி நேர வேலை. சரியாக வரைய இன்னும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு இரட்டைப் பட்டை விளக்கப்படம் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786 இல் வெளியிட்ட பட்டை விளக்கப்படமும் இதே வகைதான். ஸ்காட்லாந்து 17 இடங்களோடு ஓராண்டில் நடத்திய ஏற்றுமதியையும் இறக்குமதியையும், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டிரண்டு பட்டைகளாக அடுத்தடுத்து வரைந்திருந்தார். பல ஆண்டுகளின் கணக்கு அவர் கையில் இல்லை, அதனால் ஏற்ற இறக்கக் கோடாக வரைய வழியில்லை. இருந்த ஓராண்டுக் கணக்கை இப்படி வரைந்தார்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபீஸ் கால்க் ஆகிய மூன்று விரிதாள் மென்பொருள்களிலும் இந்தப் படத்தை வரையலாம். நான் அன்றாடம் புழங்குவது எக்செல். எனவே அதை விரிவாகச் சொல்லி, மற்ற இரண்டில் வேறுபடும் இடங்களை மட்டும் பிறகு சொல்கிறேன். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களை ஒலிப்படியே மேற்கோள் குறிக்குள் தருகிறேன்.

முதலில் அட்டவணை

படம் சரியாக வராமல் தடுமாறுகிறவர்களின் கோப்பைத் திறந்து பார்த்தால், பத்தில் எட்டு முறை குற்றம் அட்டவணையில் இருக்கிறது. படத்தில் எதுவும் தவறில்லை. ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு புதிய தாளில் கீழே உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள். மாநிலத்தின் பெயர் முதல் நெடுவரிசையில், ஆண்களின் விகிதம் இரண்டாவதில், பெண்களின் விகிதம் மூன்றாவதில்.

மாநிலம் | ஆண் | பெண்
ராஜஸ்தான் | 79.19 | 52.12
பீகார் | 71.20 | 51.50
ஆந்திரப் பிரதேசம் | 74.88 | 59.15
கர்நாடகம் | 82.47 | 68.08
தமிழ்நாடு | 86.77 | 73.44
கேரளம் | 96.11 | 92.07

எண் இருக்கும் கட்டத்தில் எண் மட்டுமே இருக்க வேண்டும். ‘79.19 சதவீதம்’ என்று எழுதிவிட்டால் விரிதாள் அதை எண்ணாகக் கொள்ளாது. வெறும் எழுத்தாகக் கருதி, பட்டையின் உயரத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கதிதான். கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் எதுவும் மாற்றாதவரை உண்மையான எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாகிவிட்ட எண் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் ஓர் எண் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் அதை அழித்துவிட்டுக் கையால் மறுபடி அடித்துவிடுங்கள்.

தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும். அழகுக்காகக் கட்டங்களை இணைத்து, ‘எழுத்தறிவு’ என்று மேலே ஒரு பெரிய தலைப்பும் அதன் கீழே ‘ஆண்’, ‘பெண்’ என்று இரண்டு சிறு தலைப்புகளும் போட்டால் மென்பொருள் குழம்பும். நடுவில் வெற்று வரிசை விடாதீர்கள். கடைசியில் கூட்டுத்தொகை வரிசை இருந்தால் அதைத் தேர்வில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்த ஒரு பட்டை மலைபோல் எழுந்து, மற்றவை எல்லாம் அதன் காலடியில் புல்லாகிவிடும்.

மாநிலங்களை நான் அகர வரிசையில் அடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியின்படி அடுக்கியிருக்கிறேன். ராஜஸ்தானில் அந்த இடைவெளி 27.07 புள்ளிகள், கேரளத்தில் 4.04. இதைச் செய்ய நான்காவது நெடுவரிசையில், இரண்டாம் வரிசைக் கட்டத்தில் சமக்குறி போட்டு, ஆண் கட்டத்திலிருந்து பெண் கட்டத்தைக் கழித்து, அந்தச் சூத்திரத்தைக் கடைசி வரிசை வரை இழுங்கள். பிறகு மொத்த அட்டவணையையும் அந்த நெடுவரிசையின்படி ‘சார்ட்’ மெனுவில் அல்ல, ‘டேட்டா’ மெனுவில் உள்ள வரிசைப்படுத்தும் பொத்தானால் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். படம் வரையும்போது அந்த நான்காவது நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது அடுக்குவதற்கு மட்டும்.

எக்செலில் வரைதல்

மேல் இடது மூலையில் ‘மாநிலம்’ என்ற கட்டத்தில் தொடங்கி, கேரளத்தின் பெண் விகிதம் வரை சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு வரிசையும் தேர்வுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்துதான் ‘ஆண்’, ‘பெண்’ என்ற பெயர்கள் படத்துக்குப் போகின்றன. ‘மொத்தம்’ போன்ற வேண்டாத நெடுவரிசை நடுவில் இருந்தால், முதல் பகுதியைத் தேர்ந்தெடுத்தபின் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது மேலே ‘இன்சர்ட்’ தாவலுக்குப் போங்கள். ‘சார்ட்ஸ்’ என்ற பகுதியில் பட்டைகள் வரைந்த சிறு படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். ‘டூ-டி காலம்’ என்ற தலைப்பின் கீழ் முதலில் இருப்பதுதான் ‘கிளஸ்டர்டு காலம்’. அதைச் சொடுக்குங்கள். அவ்வளவுதான், படம் வந்துவிடும். ஆறு மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டைகள். அட்டவணையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட் விசையோடு எஃப்1 அழுத்தினாலும் இதே படம் வரும்.

அதன் அருகில் இருக்கும் ‘ஸ்டாக்டு’ வகையைத் தொட்டுவிடாதீர்கள். அது பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். 79.19 க்கு மேல் 52.12 ஐ ஏற்றி 131 சதவீதம் என்று ஒரு பொருளற்ற உயரத்தைக் காட்டும். முப்பரிமாணப் படங்களும் வேண்டாம். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பலரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பட்டைக்கும் பின்னால் உள்ள கோட்டுக்கும் இடையே ஆழம் வந்துவிடுவதால், பட்டையின் உச்சி எந்த எண்ணில் முடிகிறது என்று சொல்ல முடியாமல் போகும். ஒப்பிடுவதற்காக வரையும் படத்தில் ஒப்பிட முடியாவிட்டால் வரைந்து என்ன பயன்?

எதை எதன் பக்கத்தில் நிறுத்துவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வரைவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எந்தப் பட்டை நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டி நிற்கும் இரண்டு பட்டைகளைத்தான் கண் முதலில் ஒப்பிடும். தள்ளி நிற்பவற்றை ஒப்பிட அது சிரமப்படும். எனவே எந்த வித்தியாசத்தைக் காட்ட விரும்புகிறீர்களோ, அந்த இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும்.

நான்கே நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2001 கணக்கெடுப்பில் ஆண்களின் எழுத்தறிவு 82.42 சதவீதம், பெண்களுடையது 64.43. 2011 இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இதை இரண்டு விதமாக வரையலாம்.

முதல் விதத்தில் அடியில் 2001, 2011 என்று இரண்டு கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆண் பட்டையும் பெண் பட்டையும் ஒட்டி நிற்கும். இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஆண்–பெண் இடைவெளி. 2001 இல் 18 புள்ளிகளாக இருந்த படி, 2011 இல் 13 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் படி இன்னும் இருக்கிறது.

இரண்டாவது விதத்தில் அடியில் ஆண், பெண் என்று இரண்டு கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் 2001 பட்டையும் 2011 பட்டையும் ஒட்டி நிற்கும். இப்போது கண்ணுக்குத் தெரிவது பத்தாண்டு வளர்ச்சி. ஆண்கள் 4.35 புள்ளிகள் ஏறியிருக்கிறார்கள், பெண்கள் 9.01 புள்ளிகள். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே நான்கு எண்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. முதல் படம் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது படம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் சொல்கிறது. மகளிர் கல்விக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் முதல் படத்தை வைப்பேன். பத்தாண்டு உழைத்த ஆசிரியர்களின் கூட்டத்தில் இரண்டாவதை வைப்பேன். இரண்டும் உண்மைதான். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும்.

எக்செலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரே ஒரு சொடுக்குப் போதும். படத்தைச் சொடுக்கினால் மேலே ‘சார்ட் டிசைன்’ என்ற தாவல் தோன்றும். அதில் ‘ஸ்விட்ச் ரோ/காலம்’ என்ற பொத்தான். அழுத்துங்கள், மறுபடி அழுத்துங்கள், இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். அட்டவணையைத் தொடவே வேண்டாம். பொதுவாக, அட்டவணையில் கிடைவரிசை, நெடுவரிசை இரண்டில் எது எண்ணிக்கையில் அதிகமோ அதை எக்செல் அடி அச்சில், அதாவது பெயர்கள் நிற்கும் அடிக்கோட்டில், போட்டுவிடும். அது மென்பொருளின் ஊகம்தான். உங்கள் கேள்வி அதற்குத் தெரியாது.

இந்த நான்கு எண்களை வைத்து வரையும்போது புதியவர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. முதல் நெடுவரிசையில் 2001, 2011 என்ற ஆண்டுகள் இருக்கின்றன அல்லவா? அவையும் எண்கள்தானே என்று எக்செல் அவற்றுக்கும் பட்டை வரைந்துவிடும். இடப்பக்கம் அளவுகளைக் காட்டும் அச்சு 2500 வரை நீண்டு, நம்முடைய விகிதங்கள் தரையோடு தரையாகக் கிடக்கும். மேல் இடது மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தால் இது நடக்காது. அல்லது ஆண்டுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டச்சு செய்தால் அது எழுத்தாகிவிடும். எண்ணை எழுத்தாக்கக் கூடாது என்று மேலே சொன்னேன். ஆண்டு இங்கே எண்ணாக வேலை செய்யவில்லை, பெயராகத்தான் வேலை செய்கிறது. அதனால் இங்கே மட்டும் அது சரி.

பட்டைகளின் நெருக்கம்

மாநிலப் படத்துக்குத் திரும்புவோம். எக்செலின் அண்மைப் பதிப்புகளில், புதிதாக வரைந்த படத்தில் ஆண் பட்டைக்கும் பெண் பட்டைக்கும் நடுவே ஒரு சிறு சந்து இருக்கும். பட்டைகளும் ஒல்லியாக இருக்கும். இதைச் சரிசெய்யாமல் விட்டாலும் படம் தவறாகிவிடாது. ஆனால் சரிசெய்தால் படிப்பவருக்கு எவ்வளவு உதவி என்பதை ஒருமுறை செய்து பார்த்தால் உணர்வீர்கள்.

ஏதாவது ஒரு பட்டையைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்துங்கள். வலப்பக்கம் ‘ஃபார்மட் டேட்டா சீரீஸ்’ என்ற பலகை திறக்கும். அதில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ‘சீரீஸ் ஓவர்லாப்’ என்பது ஒரே கூட்டத்துக்குள் பட்டைகள் எவ்வளவு ஒட்டுகின்றன என்பது. ‘கேப் விட்த்’ என்பது ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. முதலாவது −27 என்றும் இரண்டாவது 219 என்றும் இருக்கும். 100 என்றால் ஒரு பட்டையின் அகலத்துக்குச் சமமான இடைவெளி என்று பொருள். அப்படியானால் 219 என்பது இரண்டு பட்டைகளுக்கும் மேலான வெற்றிடம்.

நான் எப்போதும் ‘சீரீஸ் ஓவர்லாப்’ அளவை 0 ஆகவும் ‘கேப் விட்த்’ அளவை 80 ஆகவும் வைக்கிறேன். பெண் பட்டை ஆண் பட்டையோடு தோளோடு தோள் உரசி நிற்கும். அடுத்த மாநிலம் ஒரு அடி தள்ளி நிற்கும். ஒரு வீட்டைச் சேர்ந்தவர்கள் யார், பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பது பார்த்தவுடன் விளங்கும். இடைவெளியை 30 க்குக் கீழே இறக்கினால் வீடுகளுக்கு இடையே சுவர் இல்லாமல் போய், பன்னிரண்டு பட்டைகளும் ஒரே வரிசையாகத் தோன்றும்.

அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும்

பட்டை விளக்கப்படத்தில் செய்தி பட்டையின் நீளத்தில் இருக்கிறது. நீளத்தின் அடியை வெட்டினால் செய்தி பொய்யாகிவிடும். கேரளத்தை மட்டும் தனியே வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண் 96.11, பெண் 92.07. அச்சை 90 இல் தொடங்கினால் ஆண் பட்டையின் உயரம் 6.11, பெண் பட்டையின் உயரம் 2.07. ஆண் பட்டை மூன்று மடங்கு உயரமாக நிற்கும்! நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் கேரளத்துப் பெண்கள், அந்தப் படத்தில் மிகவும் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள். கொடுத்த எண்கள் சரியானவை, படம் தவறானது. இதை யாரும் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. எண்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சின் தொடக்கத்தை மேலே தூக்கிவிடும்.

ஆகவே இடப்பக்கம் உள்ள எண்களைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தி, ‘பவுண்ட்ஸ்’ என்ற இடத்தில் ‘மினிமம்’ கட்டத்தில் நீங்களே 0 என்று அடித்துவிடுங்கள். ஏற்கனவே 0 ஆகத் தெரிந்தாலும் அடியுங்கள். நாளை எண்களை மாற்றும்போது அது அசையாது. அதே இடத்தில் ‘மாக்ஸிமம்’ கட்டத்தையும் பாருங்கள். நம்முடைய மாநிலப் படத்துக்கு எக்செல் அச்சை 120 வரை நீட்டியிருக்கும். சதவீதம் நூறைத் தாண்டாது என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. 100 என்று மாற்றுங்கள்.

நிறமும் எண்களும்

அலுவலகக் கூட்டம் ஒன்றுக்காக ஒருமுறை சிவப்பிலும் பச்சையிலும் பட்டைகளைத் தீட்டி ஒரு படம் கொடுத்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களின் கையில் இருந்ததோ கறுப்பு வெள்ளை நகல். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன. எது எந்த ஆண்டு என்று கேட்டு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். அன்றிலிருந்து நான் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் விதி ஒன்றுதான்: ஒன்று அடர்த்தியாக இருக்க வேண்டும், மற்றொன்று வெளிறியிருக்க வேண்டும். கருநீலமும் இளம் ஆரஞ்சும் நன்றாகப் பொருந்தும். நகலெடுத்தாலும் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கும் குழப்பம் வராது. நிறத்தை மாற்ற அந்தப் பட்டையைச் சொடுக்கி, ‘ஃபில்’ என்பதில் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பட்டையைச் சொடுக்கினால் அந்த வகைப் பட்டைகள் எல்லாமே தேர்வாகும், மீண்டும் ஒருமுறை சொடுக்கினால் அந்த ஒன்று மட்டும் தேர்வாகும். இது தெரியாமல் ஒரு மாநிலத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு.

பட்டையின் உச்சியில் எண்ணைக் காட்ட, படத்தின் வலது மேல் மூலையில் தோன்றும் கூட்டல் குறியைச் சொடுக்கி ‘டேட்டா லேபிள்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘அவுட்சைடு எண்ட்’ என்ற நிலை நல்லது. இரண்டு தசம இடங்கள் நெரிசலாக இருக்கும். முழு எண்ணாகச் சுருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் ராஜஸ்தானின் 52.12, பீகாரின் 51.50 இரண்டுமே 52 ஆகிவிடும். ஒரு தசம இடம் போதுமான நடுவழி. எண்களைப் பட்டைமேல் எழுதிவிட்டால், பின்னணியில் ஓடும் கிடைக்கோடுகளை நீக்கிவிடலாம். ஒரே செய்தியை இரண்டு முறை சொல்ல வேண்டாம்.

தமிழில் பெயர் எழுதும்போது

‘ஆந்திரப் பிரதேசம்’ என்பது நீளமான பெயர். நிற்கும் பட்டைகளுக்கு அடியில் இடம் போதாவிட்டால் மென்பொருள் பெயரைச் சாய்த்துவிடும். சாய்ந்த தமிழைப் படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். பெயர்கள் நீளமாக இருந்தால் தயங்காமல் கிடைப் பட்டைக்கு மாறுங்கள். ‘சார்ட் டிசைன்’ தாவலில் ‘சேஞ்ச் சார்ட் டைப்’ சொடுக்கி ‘கிளஸ்டர்டு பார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாவட்டங்களின் பெயர்கள், துறைகளின் பெயர்கள் என்று வரும்போது நான் முதலிலிருந்தே கிடைப் பட்டைதான் வரைகிறேன்.

அதில் ஒரு விநோதம் காத்திருக்கிறது. அட்டவணையில் மேலே இருந்த ராஜஸ்தான் படத்தில் கீழே போய்விடும். கேரளம் உச்சிக்கு வந்துவிடும். பதற வேண்டாம். மாநிலப் பெயர்களைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தி, ‘கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். வரிசை சரியாகிவிடும். எண் அச்சு மேலே ஏறிவிட்டால், அதே பலகையில் ‘அட் மாக்ஸிமம் கேட்டகரி’ என்பதைத் தேர்ந்தெடுத்துக் கீழே இறக்கலாம்.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கோப்புகளில் பாமினி போன்ற, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் அடித்த பெயர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கட்டத்தில் அவை அழகான தமிழாகத் தெரியும். படத்தில் போனதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும், ஏனென்றால் படம் தன்னுடைய எழுத்துருவைப் பயன்படுத்துகிறது. படத்தின் எழுத்துருவையும் பாமினியாக மாற்றித் தப்பிக்கலாம். ஆனால் கோப்பு வேறொரு கணினிக்குப் போனதும் பழைய கதைதான். பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ எழுத்துரு படங்களில் தெளிவாக இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

கூகுள் ஷீட்ஸ், கால்க்

கூகுள் ஷீட்ஸில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, ‘இன்சர்ட்’ மெனுவில் ‘சார்ட்’ என்பதைச் சொடுக்குங்கள். அது தானாக ஏதோ ஒரு வகைப் படத்தை ஊகித்து வரையும். வலப்பக்கம் திறக்கும் பலகையில் ‘செட்டப்’ பகுதியில் ‘சார்ட் டைப்’ என்பதை ‘காலம் சார்ட்’ ஆக மாற்றுங்கள். ‘ஸ்டாக்கிங்’ என்ற இடத்தில் ‘நன்’ இருக்க வேண்டும். அதே பகுதியின் அடியில் ‘ஸ்விட்ச் ரோஸ்/காலம்ஸ்’ என்ற குறிப்பெட்டி இருக்கிறது, எதை எதன் பக்கத்தில் நிறுத்துவது என்பதை மாற்ற இதுதான் வழி. நிறம், அச்சின் குறைந்தபட்ச அளவு ஆகியவை ‘கஸ்டமைஸ்’ பகுதியில் இருக்கின்றன.

லிப்ரெஆபீஸ் கால்க் நான்கு படிகளில் கேள்வி கேட்டு வரைகிறது. புதியவர்களுக்கு இது நல்ல பழக்கம் என்பது என் எண்ணம், ஒவ்வொரு முடிவையும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் படியில் ‘காலம்’ வகையில் ‘நார்மல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது படியில் தரவுத் தொடர் நெடுவரிசையிலா கிடைவரிசையிலா என்று கேட்கும், எக்செலின் ‘ஸ்விட்ச்’ பொத்தானுக்கு இணையான இடம் இது. அங்கேயே முதல் வரிசையையும் முதல் நெடுவரிசையையும் பெயர்களாகக் கொள்ளச் சொல்லும் குறிப்பெட்டிகளும் உண்டு, அவற்றில் குறியிடுங்கள். படம் வந்த பிறகு பட்டையை இருமுறை சொடுக்கினால் ‘ஆப்ஷன்ஸ்’ தாவலில் ‘ஸ்பேசிங்’, ‘ஓவர்லாப்’ என்று நெருக்கத்துக்கான இரண்டு அளவுகளும் கிடைக்கும்.

பக்கத்தில் நிறுத்தக் கூடாதவை

ஒரே அலகு உள்ளவற்றைத்தான் ஒட்டி நிறுத்தலாம். பள்ளிகளின் எண்ணிக்கையையும் எழுத்தறிவுச் சதவீதத்தையும் இரட்டைப் பட்டையாகக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஒன்று ஆயிரக்கணக்கில், மற்றொன்று நூறுக்குள். சதவீதப் பட்டை கண்ணுக்கே தெரியாது. வலப்பக்கம் இரண்டாவது அச்சு போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் முயல்வார்கள். எக்செலில் அப்படிச் செய்தவுடன் ஒரு பட்டை மற்றொன்றின் முன்னால் வந்து மறைத்துக்கொள்ளும். மறைக்காமல் நிறுத்தினாலும், வெவ்வேறு அளவுகோலில் அளந்த இரண்டு உயரங்களைப் படிப்பவர் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வருவார். இரண்டு தனிப் படங்களாக வரைந்துவிடுங்கள்.

ஒரு கூட்டத்தில் மூன்று பட்டைகள் வரை கண் தாங்கும். நான்கு கடினம். ஐந்து ஆண்டுக் கணக்கை ஐந்து ஐந்து பட்டைகளாக நிறுத்தினால் அது சீப்பின் பற்களைப்போல் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கோட்டுப் படமாக மாற்றுங்கள்.

தலைப்பு, அடிக்குறிப்பு, அனுப்புதல்

படத்தின் மேலே எக்செல் ‘சார்ட் டைட்டில்’ என்று எழுதிவைத்திருக்கும். அப்படியே விட்டு அனுப்பிய படங்களை நான் அச்சிட்ட தாளில்கூடப் பார்த்திருக்கிறேன். அதைச் சொடுக்கி, ‘ஆண்–பெண் எழுத்தறிவு விகிதம், 2011 (சதவீதம்)’ என்று மாற்றுங்கள். என்ன அளவு, எந்த ஆண்டு, எந்த அலகு ஆகிய மூன்றும் தலைப்பிலேயே இருந்தால் அச்சுக்குத் தனிப் பெயர் வேண்டியதில்லை.

படத்தின் அடியில் சிறிய எழுத்தில் குறிப்பு ஒன்று வேண்டும். நம்முடைய படத்துக்கு அது இப்படி இருக்கும்: ‘ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் விகிதம். ஆந்திரப் பிரதேசம் என்பது 2014 இல் தெலங்கானா பிரிவதற்கு முந்தைய எல்லை. தரவு: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2011.’ இந்தக் குறிப்பு இல்லாமல் படம் கைமாறிப் போனால், இன்றைய ஆந்திரத்தின் கணக்கு இது என்று யாராவது எடுத்தாண்டுவிடுவார்கள்.

வேர்டு கோப்பில் ஒட்டும்போது, எண்கள் இனி மாறப்போவதில்லை என்றால் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ மூலம் படமாகவே ஒட்டிவிடுங்கள். சாதாரணமாக ஒட்டினால் மூலக் கோப்போடு தொடர்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். அங்கே யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால் உங்கள் அறிக்கையிலும் பட்டை அசைந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதாக இருந்தால், படத்தின்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி ‘சேவ் ஆஸ் பிக்சர்’ மூலம் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, முதலில் உங்கள் கைபேசிக்கே அனுப்பிப் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்த தூரத்தில் ‘ஆந்திரப் பிரதேசம்’ என்ற எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எக்செலுக்குத் திரும்பி எழுத்தின் அளவை 14 ஆக்கிவிட்டு மறுபடி சேமியுங்கள்.